வெளிச்சம் பத்தவில்லை என்றார்

கையில் புது பல்பைப் பிடித்துக்கொண்டு நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு வாசலில் எங்களுடைய வெள்ளைக் கார் பானெட்டைத் திறந்தபடி நின்றது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்ததால் வெயில் சுள்ளென்று அடித்தது. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு குனிந்து, முகப்பு விளக்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பழைய பல்பைக் கழற்றி பேட்டரியின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"புதுசக் குடு அம்மிணி."

நீட்டினேன். அவருடைய கை என் கைக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. மறுபடியும் பிடித்தது.

"குடுன்னா குடுக்க வேண்டீதுதான? எங்க வெச்சுட்டே?"

"கையிலதானுங்க வெச்சிருக்கேன்."

அவர் தலையை முழுசாக என் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகுதான் என் கையும் அதிலிருந்த பல்பும் அவருக்குத் தெரிந்தன. அது வரைக்கும் அவருக்குப் பக்கத்திலேயே, ஒரு முழ தூரத்தில் நான் நின்றது தெரியவில்லை.

"வெய்யில்ல கண்ணு கூசுது" என்றார்.

நான் பல்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அந்த இரண்டு மாதத்தில் அவர் பல்பு மாற்றியது அது மூன்றாவது தடவை.

கை மட்டும் போகிற இடம்

வீட்டிலேயே கார் பல்பு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். பின்பக்கத்தில் செருகியிருக்கும் மூன்று முள் சாக்கெட்டைப் பிடுங்க வேண்டும். ரப்பர் மூடியை உரித்தெடுக்க வேண்டும். கம்பிக் கிளிப்பை அமுக்கி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். புதியதை வைக்கும்போது கண்ணாடியில் விரல் படவே கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால், சூடேறும்போது அந்த இடத்தில் வெடித்துவிடும். அதனால் அடிப்பாகத்தைத்தான் பிடிக்க வேண்டும், அதையும் காகிதத்தைச் சுற்றிப் பிடித்தால் நல்லது.

கஷ்டமெல்லாம் இடம்தான். ஒரு பக்கம் பேட்டரி இடிக்கும், மறுபக்கம் ஏதாவது குழாய் இடிக்கும். தலையை நுழைத்துப் பார்க்க முடியாது. கை மட்டும்தான் போகும்.

அவருக்கு அது தண்ணீர் பட்டபாடு. இருபது வருஷத்துக்கு மேல், ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டி ஓட்டியவர். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஆளில்லாத காட்டுக்குள் நாள்கணக்கில் குழி போட்டுக்கொண்டிருப்பார்கள். ரிக் போகும்போது முன்னால் ரிக், பின்னால் கம்ப்ரஸர் லாரி, அதற்கும் பின்னால் குழாய் ஏற்றிய லாரி என்று வரிசையாகப் போகும். முன்னால் போகிறவருக்கு விளக்கு இல்லையென்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். "அஞ்சே நிமிசம். பீடி பத்த வெச்சவன் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் பல்ப மாத்தி வண்டியெடுத்துருவேன்" என்பார்.

வேலையை விட்டு வீட்டோடு வந்தபின் வாங்கிய பழைய கார் இது. வாரத்துக்கு ஒரு நாள் கழுவித் துடைப்பார். மெக்கானிக்கிடம் விட்டதே இல்லை. ரிக் வண்டி ஓட்டியவர், இந்தச் சின்னக் காரை வேறொருவன் கையில் கொடுப்பதா என்று ஒரு வீம்பு.

அந்த வருஷம் புரட்டாசி வாக்கில்தான் ஆரம்பித்தார். "லைட்டு மங்கலா இருக்குது. பொழுது எறங்குனா ரோடே தெரியறதில்ல." ஒரு ஜோடி மாற்றினார். பத்து நாள் கழித்து, "இதும் பத்துல" என்று நூறு வாட்ஸ் பல்பு வாங்கி, வயர் உருகாமலிருக்க ரிலே வைத்துப் பூட்டினார். பிறகு கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் தரும் பல்பு. அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றியது.

மாற்றிய அன்று பொழுது சாய்ந்ததும் காரை எதிர்ச் சுவரைப் பார்க்க நிறுத்தி விளக்கைப் போடுவார். சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் பூச்சு பெயர்ந்தது தெரியும். சுவரேறிப் போகிற எறும்பு வரிசைகூடத் தெரியும். எதிர்வீட்டம்மா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஏனுங்கண்ணா, கொஞ்சம் கொறைங்க" என்பார்.

இவர் இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்துவிட்டுச் சொல்வார்: "இன்னும் பத்துல அம்மிணி."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நான் முப்பது வருஷம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவள். கம்பி போட்ட ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நீட்டுகிற சீட்டைப் படித்து மாத்திரை கொடுத்தவள். மற்றவர்கள் நோயைப் பற்றி இத்தனை வாரம் எழுதினேன். இன்று எழுதுவது என் வீட்டு நோய்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகிற நோய் ஒன்று இருக்கிறது. வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. பார்வை ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வரும். நேரே பார்ப்பது தெரிவதால் ஆளுக்குத் தன் பார்வை போவதே தெரியாது. இருட்டத் தொடங்கும்போது மட்டும், வெளிச்சம் போதவில்லை என்று தோன்றும்.

எடப்பாடிப் பக்கத்திலிருந்து விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் எங்கள் நிலையத்துக்கு வந்ததுண்டு. "நடுத்துணி தெரியுதுங்க. ரெண்டு கரையும் தெரியலீங்க" என்றார். கண் முகாமுக்கு வந்த டாக்டரம்மா அவரைப் பரிசோதித்துவிட்டு என்னிடம், "பாதிக்கு மேல போனப்புறம்தான் இவங்க நம்மகிட்ட வர்றாங்க" என்றார். அந்தத் தறிக்காரருக்குச் சொட்டு மருந்து கொடுத்தது நான்தான். எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! பாட்டில் அட்டையில் 'ஒரு நாளும் நிறுத்தக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தருவேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கை காற்றைப் பிடித்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, "இந்த நெலைய எவன் வெச்சான்" என்று திட்டுவார். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த சொந்தக்காரரைக் கவனிக்காமல் இருந்து பொல்லாப்பு வாங்கிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை?

சொன்னால் கார் சாவியை வாங்கி வைக்க வேண்டும். ஸ்டியரிங் பிடிக்காத அவரை எனக்குக் கற்பனை பண்ணத் தெரியவில்லை. இது ஒரு காரணம். இது கொஞ்சம் மரியாதையான காரணம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஒரே மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து மூன்று மாதம். அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தில். சனிக்கிழமை ஆனால் அவர் வண்டியெடுப்பார், நான் ஏறி உட்காருவேன், போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொள்வேன். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். எனக்கு முழங்கால் வலி. பேத்தி கொஞ்சம் பெரிசாகட்டும், தை பிறக்கட்டும், பிறகு கண் ஆஸ்பத்திரிக்கு நைசாகக் கூட்டிப்போகலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன்.

அதுவரை நானே அவருக்குக் கண்ணாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வருவேன். "மாடு நிக்குதுங்க." "ஸ்பீடு பிரேக்கர் வருதுங்க." "அந்தப் பையன் சைக்கிள வளைச்சு வளைச்சு ஓட்டறான் பாருங்க."

"நீ வண்டி ஓட்டறயா, நான் ஓட்டறனா?" என்று சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை

மூன்றாவது பல்பு மாற்றி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

மகள் வீட்டிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது கண் விழிக்கட்டும், ஒரு தடவை தூக்கிவிட்டுப் போகலாம் என்று நான்தான் இழுத்தேன். சேலத்தைத் தாண்டவே ஐந்தரை ஆகிவிட்டது. ஆட்டையாம்பட்டி வருவதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. முழுசாக இருட்டவில்லை. வானத்தில் வெளுப்பு இருந்தது, தரையில்தான் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி. நடுநடுவே அந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கிற சேகோ ஆலைகள். ஜன்னலை ஏற்றியிருந்தும் புளித்த கிழங்குமாவு வாசம் உள்ளே வந்தது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். நாற்பதைத் தாண்டவில்லை. ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி ஓட்டினார். எதிரே வந்த பஸ்காரன் எங்கள் வெளிச்சம் தாங்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

என் போன் மினுக்கியது. மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குழந்தை என் மாற்று ரவிக்கையைக் கையில் சுற்றிக்கொண்டு சிரிக்கிறது. அதை நான் அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கலாம்.

தொப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. இடப்பக்கக் கண்ணாடி மடங்கி என் ஜன்னலில் அடித்தது. கார் குலுங்கி நின்றது.

"என்னது? என்னது அம்மிணி? நாயா?"

நான் கதவைத் திறந்து இறங்கினேன். ஓரத்து மண்ணில் ஒரு ஆள் கிடந்தார். ஐம்பது வயசு இருக்கும். கைலியும் சட்டையும் கிழங்குமாவு படிந்து வெள்ளையாக இருந்தன. வலது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் தூக்குப்போசி உருண்டு, டீ மண்ணில் பரவி ஆவி பறந்துகொண்டிருந்தது.

பழக்கப்பட்ட கை என்பதால் வேலை செய்தது. காரில் இருந்த துண்டையும் என் சால்வையையும் எடுத்துத் தொடையை இறுக்கிக் கட்டினேன். பக்கத்து டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னேன். அந்த மனிதர் மயங்கவில்லை. "எங்கூட்டுக்காரிக்குச் சொல்லீருங்க. செல்வி. தறிப்பட்டறையில இருப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் காரைப் பிடித்தபடி நின்றார். விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ரோட்டில் நூறு அடிக்குப் பகல் மாதிரி வெளிச்சம்.

"ரோட்டுல ஆருமே இல்லியே அம்மிணி. நான் பாத்துட்டுத்தான வந்தேன். ஆருமே இல்லியே."

கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "யோவ், இத்தன பெரிய ஆளு நிக்கறாரு. கண்ணு தெரியிலியாய்யா உனக்கு?"

கோபத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதற்கு உண்மையான பதில் தெரிந்த ஒரே ஆள் நான், ரத்தக் கையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கில் குறையில்லை

போலீஸ் ஸ்டேஷனில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில், காரின் விளக்கு வெளிச்சம் பத்தாததால் ஆள் நின்றது தெரியவில்லை என்று இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

மூன்று நாள் கழித்து, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கார் நின்றது. இடப்பக்க விளக்கின் வெளிக்கண்ணாடி கீறியிருந்தது. ஆய்வாளர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், டயரைப் பார்த்தார். கடைசியில் விளக்கைப் போடச் சொன்னார். நட்டநடுப் பகலில் அந்த இரண்டு வெளிச்சமும் மரத்தின் தண்டில் வட்டமாக விழுந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெளிச்சம் பத்துலன்னு எழுதியிருக்குதுங்களே ஐயா?"

"ஆமாங்க. பல்பு சரியில்லீங்க. மூணு தடவ மாத்திப்போட்டேன்."

"லைட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. சட்டப்படி இருக்கறதுக்கு மேலயே இருக்குது. இந்த வெளிச்சத்துல ஆளு தெரியலீன்னா எப்பிடீங்க?"

என் வீட்டுக்காரர் தலையை முழுசாகத் திருப்பினார். மரத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பக்கத்தில் போய்க் கையை விளக்கின் முன்னால் நீட்டி, உள்ளங்கையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்தினார். அப்புறம் கையை இறக்கிக்கொண்டார்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் கேட்டார்.

"எங்கண்ணுதானா அம்மிணி?"

"அப்பிடித்தானுங்க தோணுது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

முப்பது வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட மாற்றிப் படித்ததில்லை நான். அன்று வாய் கூசாமல் சொன்னேன்.

"இப்பத்தானுங்க. அந்த ஆபீசர் சொன்னப்பத்தான் எனக்கும் தோணுச்சு."

பொத்தானை அழுத்தும் சத்தம்

சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருட்டறையில் ஒரு இயந்திரம். வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதில் தாடையை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது ஒரு சின்ன வெளிச்சம் தோன்றும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இயந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. பொத்தான் அழுத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எப்போதாவது ஒரு தடவை 'டிக்' என்று கேட்டது. மறுபடி ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று நடுவில் அவர் கேட்டார்.

"நடந்துட்டு இருக்குதுங்க ஐயா" என்றாள் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த பெண்.

போனது போனதுதான், மிச்சத்தை மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து டாக்டர் மேஜை மேல் வைத்தார். அது அங்கே கொடுக்க வேண்டியது இல்லை என்று சொல்லி நான் எடுத்து என் பையில் போட்டேன்.

நீதிமன்றத்தில் தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். காரை விற்றோம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் நான்தான் போட்டேன். ஆனாலும் மிச்சம் நிற்கவில்லை. நான்கைந்து வருஷத்தில் நடுவில் இருந்ததும் மங்கி, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது.

பழனியப்பன் சொன்னது

அடிபட்டவர், அவர் மனைவி இருவர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவரைப் பழனியப்பன் என்று வைத்துக்கொள்வோம். சேகோ ஆலையில் மாவு காயப்போடும் களத்தில் வேலை. அன்று உடன் வேலை செய்கிறவர்களுக்கு டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அடிபட்டார். தொடையில் இரும்புக் கம்பி வைத்து இரண்டு ஆபரேஷன். கால் கூடியது, முழங்கால் மடங்கவில்லை. களத்து வேலைக்கு அவரால் திரும்பப் போக முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது" என்பார். நான் மட்டும் மாதம் ஒரு தடவை போனேன். முதல் தடவை பழனியப்பனின் மனைவி செல்வி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எதுக்குங்க வந்தீங்க? பாத்தாச்சல்ல?" என்று மட்டும் கேட்டாள். இரண்டாவது தடவை தண்ணீர் கொடுத்தாள். மூன்றாவது தடவை நான் கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைத்துக் கட்டினேன்.

அன்றுதான் பழனியப்பன் கட்டிலில் சாய்ந்தபடி, நான் கேட்காமலே சொன்னார். கோபமில்லாமல், ரொம்ப நாளாக யோசித்த ஒரு கணக்கைச் சொல்கிற மாதிரி.

"நான் ஓரத்துலதானுங்க நின்னுட்டு இருந்தேன். பஸ்ஸு போகட்டும்னு நின்னேன். உங்க காரு வந்துச்சு. வெள்ளையா என்ன வெளிச்சங்க அது! எம்மேல நல்லாப் பட்டுச்சு. போசி, கையி, காலு எல்லாம் எனக்கே தெரியுது. பின்னாடி என் நெழலு காட்டுக்குள்ள நீளமா விழுகுது. வண்டியும் மெதுவா வருது. சரி, நம்மளப் பாத்துட்டாங்க, நமக்காகத்தான் மெதுவா வராங்கன்னு நெனச்சுத் தாண்டுனேனுங்க. இருட்டுல வந்திருந்தா நான் தாண்டியிருக்கவே மாட்டேன்."

நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பார்க்க முடியாததால்தான் என் வீட்டுக்காரர் மெதுவாக வந்தார். பார்க்க முடியாததால்தான் அவ்வளவு வெளிச்சம் வைத்தார். அந்த இரண்டையும் பார்த்துத்தான் இந்த மனிதர் காலை எடுத்து வைத்திருக்கிறார்.

அதை நான் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. ஏழெட்டு வருஷம் ஆகிறது. சொல்லவே இல்லை.

வாசித்துக் காட்டியது

இதுவரை உள்ளதை எழுதிவிட்டு மூன்று வாரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். அச்சில் வந்த பின் யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவதைவிட நானே வாசித்துவிடுவது நல்லது என்று பட்டது. போன செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். கடைசி வரி முடிந்ததும் அவர் கேட்டார்.

"அந்த ஞாயித்துக்கெழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. நான்கு மணி வாக்கில் அவராகவே வெளியே வந்து உட்கார்ந்தார்.

"நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனோ என்னமோ, தெரியில. கத்தியிருப்பேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனாலும் நீ சொல்லியிருக்கோணும்."

"ஆமாங்க."

"அவரு நம்மள நம்பித்தான் தாண்டியிருக்காரு."

"ஆமாங்க."

"நாளைக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போ."

புதன்கிழமை காலையில் பஸ் ஏறி மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். ரோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு மண் பாதை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். செல்வி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். பழனியப்பன் தகரக் கூரைக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் இத்தனை வருஷம் நான் அங்கே சொல்லி வைத்திருந்தேன். அவர் நடந்து வருகிற விதத்தை, முகம் வேறெங்கோ பார்த்திருப்பதை, பழனியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கண்ணுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "ஆமாங்க. கண்ணுதானுங்க."

"எப்ப இருந்துங்க?"

"அன்னிக்கே பார்வ சரியில்லீங்க. அன்னிக்கு நீங்க நின்னது எனக்குத் தெரியவே இல்லீங்க."

பழனியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தார். பக்கத்துக் களத்தில் மாவைக் கிளறிவிடுகிற சத்தம் கேட்டது. போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது.

பழனியப்பன் இரண்டு எட்டு முன்னால் வந்தார். கைத்தடியால் தரையில் ஓரிடத்தைத் தட்டினார்.

"இந்த எடத்துல படி ஒண்ணு இருக்குதுங்க" என்றார். "கொஞ்சம் ஒசரம். காலைத் தூக்கி வையுங்க."